கட்டியங்காரன் சொல்றேன், கேட்டுக்கோ நைனா

வாடா நைனா, திண்ணையில உட்காரு. அந்தத் தாளுங்களை இப்படிக் குடு, பார்ப்போம். விஸ்காம் கடைசி வருசம், குறும்படம் எடுத்துக் குடுத்தாத்தான் மார்க்கு, அதுக்குக் கதையும் என் புள்ளைதான், கதாநாயகனும் என் புள்ளைதான்னு உங்கம்மா தெரு முழுக்கச் சொல்லிக்கினு வர்றா. பால் ஊத்துறவன் என்னாண்ட வந்து, "பெரியவரே, பேரன் ஹீரோவாமே"ங்கிறான். ஆமாப்பா, அரக்கோணத்துல வண்டியைப் போட்டுட்டான்னு சொல்லிட்டு நடுராத்திரியில வந்து நிக்கிற மூஞ்சியை நான் எத்தினி தடவை பார்த்திருக்கேன், நடிப்புக்கு இன்னா குறைச்சல்னேன்.

முதல் தாள் ஜோரா இருக்குது. கதை, உன் பேரு. திரைக்கதை, வசனம், அதுக்கும் உன் பேரு. நடிப்புன்னு போட்டு முதல்ல உன் பேரு, அதுவும் தடிமனா. பாட்டு எழுதினதும் நீதானா? பேஷ். கேமரா தூக்கிக்கினு வெயில்ல அலையுறானே அந்தப் பையன், அவன் பேரு எங்க? ஓ, கீழே இருக்குதா. கண்ணாடி போட்டும் தெரியல, அதான் கேட்டேன்.

நம்ம திருத்தணி மலையில நடந்த சங்கதி ஒண்ணு சொல்றேன். முத்துசுவாமி தீட்சிதர் காசியில குருவாண்ட இருந்துட்டு ஊருக்குத் திரும்பி, அப்பால இங்க வந்து தியானத்துல உட்கார்ந்தாராம். ஒரு கிழவர் வந்து "வாயைத் திற"ன்னு சொல்லி, நாக்குல கற்கண்டை வச்சிட்டு மறைஞ்சு போனாராம். வந்தது முருகன்னு சொல்லுவாங்க. உடனே மாயாமாளவகௌளையில முதல் கீர்த்தனை பொறந்துச்சு. அதுல இருந்து அவர் பாட்டுக்கெல்லாம் வச்ச முத்திரை 'குருகுக'. அது சாமி பேரு. சாமியே வந்து வாயில கற்கண்டு போட்டும் மனுசன் தன் பேரை எங்கயும் நுழைக்கல. உன் வாயில இதுவரைக்கும் ஒருத்தரும் பொட்டுக்கடலைகூட வைக்கல, ஒரே தாள்ல நாலு தடவை உன் பேரு! சரி, வயசு. இருக்கட்டும்.

இரண்டாம் தாள். காட்சி ஒண்ணு. அலாரம் அடிக்குது. ஒரு கை வந்து அணைக்குது. கண்ணாடி முன்னாடி நின்னு பல் தேய்க்கிறான். குழாய்ல தண்ணி சொட்டுது, அதை மட்டும் கிட்டத்துல காட்டணும்னு வேற எழுதியிருக்கே. ஏன் நைனா, காலேஜ் பசங்க எடுக்கிற படத்துல கதாநாயகன் தூங்கி எழுந்துதான் வரணும்னு சர்க்கார் ஏதாச்சும் உத்தரவு போட்டிருக்குதா? எட்டு நிமிசப் படம். அதுல ஒரு நிமிசம் பல்லுக்கே போயிடுச்சு. நீ எழுந்திருக்கிறது பத்தரைக்கு. பல் தேய்ச்சியா இல்லையான்னு உங்க பாட்டிக்கு இன்னும் சந்தேகம். நடக்காததை எழுதுறதுக்குத்தான் கற்பனைன்னு பேருன்னா, இந்தக் காட்சிக்கு நான் எழுந்து நின்னு கை தட்டுறேன்.

ஆறாம் காட்சியில ஒருத்தன் அருவாளோட வர்றான். "ஏலே, எங்க ஊருக்கே வந்துட்டியாலே"ங்கிறான். இந்த ஏலேகாரன் எந்த பஸ்ஸுல வந்து திருத்தணியில இறங்கினான்? இந்த ஊர்ல யாராச்சும் உன்னை ஏலேன்னு கூப்பிட்டிருக்காங்களா? நான் சின்னப் புள்ளையா இருந்தப்போ இது ஆந்திரா, சித்தூர் ஜில்லா. ம.பொ.சி.யும் நம்ம ஊர் விநாயகமும் மறியல், ஜெயில்னு கிடந்து போராடி, படாஸ்கர் வந்து பார்த்துத் தீர்ப்பு சொல்லி, 1960 ஏப்ரல் 1-ம் தேதிதான் திருத்தணி இந்தாண்ட வந்து சேர்ந்துச்சு. கோட்டை நிலத்துல போட்டாங்க, நாக்குல போடல. இன்னைக்கும் நகரியிலயும் புத்தூர்லயும் பொண்ணு எடுக்கிறோம், குடுக்கிறோம். உங்க பாட்டிக்குக் கோவம் வந்தா தமிழு, ரொம்பக் கோவம் வந்தா தெலுங்கு. மார்க்கெட்டுல கத்தரிக்கா விக்கிற அம்மா விலையைத் தமிழ்ல சொல்லுவா, நீ பேரம் பேசினா பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்துத் தெலுங்குல ஏதோ சொல்லிச் சிரிப்பா. உன்னைப் பத்தித்தான் சொல்றா, உனக்குப் புரியாதுன்னு நினைச்சுக்கினு. உனக்கோ முழுசும் புரியுது. அந்த ஒரு நொடி இருக்குதே, அது எட்டு நிமிசப் படத்துக்குத் தாராளமாப் போதும். காலுக்குக் கீழே கிடக்கிறதை விட்டுட்டு, தெற்கத்திப் படத்துல கேட்டதைப் பொறுக்கிக்கினு வந்திருக்கே.

அதுவும் எதிராளி அருவா தூக்கினதும் நீயும் பதிலுக்கு ஏலேங்கணும். உன் வாயில அது வரவே மாட்டேங்குதே! நேத்து கொல்லையில ஒத்திகை பார்த்தியே, நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு கேட்டுக்கினுதான் இருந்தேன். மாடு தண்ணி குடிக்கிறதை நிறுத்திட்டு உன்னைத் திரும்பிப் பார்த்துச்சு. எழுதினவன் எழுதிட்டுப் போயிட்டான், பேசுறவன் மாட்டிக்கினு முழிக்கிறான். இத்தனைக்கும் ரெண்டும் ஒரே ஆளு.

இதுலதான் சூட்சுமம் இருக்குது. எழுதுறவனும் வேஷம் கட்டுறவனும் ஒரே உடம்புல குடியிருந்தா, எழுதுறவன் வேஷக்காரனுக்குக் கூஜா தூக்க ஆரம்பிச்சிடுவான். சந்தேகம் இருந்தா உன் தாளையே பாரு. மத்தவங்க எல்லாம் "ஏன் மச்சி?", "அப்புறம் இன்னா மச்சி?", "நீ சொல்றது கரெக்டு மச்சி". நீ மட்டும் அரைப் பக்கம் பேசுறே. கல்யாண மாப்பிள்ளையே பந்தி பரிமாறினா நெய் யார் இலையில விழும்? அந்தப் பொண்ணுக்கு மூணு காட்சி குடுத்திருக்கே, மூணுலயும் அதுக்கு உன்னைப் பார்க்கிறதைத் தவிர வேற ஜோலி இல்ல. பஸ் ஸ்டாண்டுல மணிக்கணக்கா நிக்கிறியே, எந்தப் பொண்ணாச்சும் இப்படிப் பார்த்ததா?

நான் கூத்துல கட்டினது கட்டியங்காரன் வேஷம். உனக்குத் தெரியும், ஆனா அதுல இன்னா இருக்குதுன்னு தெரியாது. திரௌபதி அம்மன் கோயில்ல பாரதக் கூத்து வச்சா, துரியோதனன் கட்டுறவன் சாயங்காலமே போய் அரிதாரம் பூச உட்காருவான். மீசை எழுதி, கிரீடம் வச்சு, தோளுக்குப் புஜக்கட்டை, மார்புக்குப் பதக்கம்னு கட்டைங்களை இழுத்துக் கட்டி முடிக்கிறதுக்குள்ள ஊரே சாப்பிட்டு வந்து பாய் போட்டுடும். அப்பால ரெண்டு பேரு திரை பிடிப்பாங்க. அதுக்குப் பின்னாடி நின்னு பாடி ஆடி, கூட்டத்தை ஏங்க வச்சிட்டுத்தான் ராஜா மூஞ்சியைக் காட்டுவான். கட்டியங்காரனுக்கு இன்னா? ஒரு குல்லா, கன்னத்துல ரெண்டு புள்ளி. ஆனா விடியுற வரைக்கும் களரியை விட்டு நகர மாட்டான். ராஜா யாரு, எந்த தேசம், எதுக்கு வந்தாருன்னு கேட்கிறவன் அவன்தான். கதை நின்னு போச்சுன்னா பிடிச்சுத் தள்ளுறவன் அவன்தான். ராஜா அளவுக்கு மீறிப் பீத்திக்கினா, "மகாராஜா, சாயங்காலம் டீக்கடையில கடன் சொன்னது தாங்கள்தானே"ன்னு பணிவாக் கேட்டுக் கிரீடத்தை ஒரு இஞ்சு இறக்குறவனும் அவன்தான். எழுதுறவன் நிக்க வேண்டிய இடம் அது. ராஜா பக்கத்துலயே நில்லு. கிரீடத்தை உன் ரூம் பையன் தலையில வை.

நான் சொன்னா கிழவன் பேச்சும்பே. மராத்தியில நாகராஜ் மஞ்சுளேன்னு ஒருத்தர். உன்னாட்டம்தான், அகமத்நகர்ல படிக்கிறப்போ பாடத்துக்காக ஒரு குறும்படம் எடுத்தாரு, 'பிஸ்துல்யா'ன்னு. பள்ளிக்கூடம் போக ஆசைப்படுற ஏழைப் பையன் கதை. தேசிய விருது வாங்குச்சு. அப்பால 2013-ல 'ஃபன்ட்ரி'ன்னு பெரிய படம் எழுதி இயக்கினாரு. அதுல தனக்கு இன்னா வேஷம் வச்சுக்கினாரு தெரியுமா? சைக்கிள் கடைக்காரன். கதையைத் தோள்ல தூக்கிக்கினு போறது ஒரு பொடிப்பையன், இவர் ஓரமா நிக்கிறாரு.

நம்ம பாக்யராஜை எடுத்துக்கோ. பாரதிராஜாவாண்ட உதவியாளரா இருந்துக்கினு '16 வயதினிலே'யில சும்மா தலையைக் காட்டுற வேஷம். 1979-ல 'புதிய வார்ப்புகள்'. வசனம் அவரே, வாத்தியார் வேஷத்துல கதாநாயகனும் அவரே. நீ உட்கார ஆசைப்படுற அதே நாற்காலி. ஆனா படத்துல அவர் வாயசைக்க, வர்ற குரல் கங்கை அமரனோடது. தான் எழுதின வசனம், தன் மூஞ்சி, குரல் மட்டும் அடுத்தவருது. நீயா இருந்தா டப்பிங் தியேட்டர் வாசல்ல உண்ணாவிரதம் இருப்பே. அவருக்கு மேலே ஒரு டைரக்டர் இருந்தாரு நைனா. உனக்கு யாரு இருக்கிறா? டைரக்டர்னு ஒருத்தனை இட்டுக்கினு வந்தியே, அவன் வண்டிக்குப் பெட்ரோல் போடுறது நீ, அவன் அரியர் பேப்பருக்கு நோட்ஸ் குடுத்தது நீ. அவன் உன்னைப் பார்த்து "நல்லா இல்ல, ஒன் மோர்"னு எந்த வாயால சொல்லுவான்? நீ தும்மினாக்கூட "சூப்பர் மச்சி, ஓகே"ங்கிறான். ஒரு வேலை பண்ணு. உன் தங்கச்சியை இட்டுக்கினு போய் மானிட்டராண்ட உட்கார வை. அவ சிரிக்கக் கூடாத இடத்துல சிரிச்சா அந்த ஷாட்டை மறுபடி எடு. அதுக்கு மேலே ஒரு விமர்சகன் உனக்குக் கிடைக்க மாட்டான்.

ஞாயித்துக்கிழமை மலைப்படியில எடுத்தீங்களே, நானும் துண்டைப் போட்டுக்கினு மண்டபத்துல உட்கார்ந்து பார்த்துக்கினு இருந்தேன். தாள்ல இன்னா எழுதியிருக்கே? "அவன் படியேறி ஓடுகிறான்." மூணே வார்த்தை. எழுதினவன் ஃபேன் காத்துல குப்புறப் படுத்துக்கினு எழுதினான். படியோ 365, வருசத்து நாளுக்கு ஒண்ணுன்னு கணக்கு. தூரத்துல இருந்து தெரியணும்னு ஒரு தடவை ஓடினே. அப்பால மூஞ்சிக்குக் கிட்ட வச்சு ஒரு தடவை. கால் மட்டும் தெரியணும்னு ஒரு தடவை. முதுகுப் பக்கம் இருந்து ஒரு தடவை ஓடிக்கினு இருக்கச்சே, மொட்டை அடிச்ச குழந்தையை இடுப்புல வச்சுக்கினு வந்த அம்மா ஒருத்தி கேமராவையே பார்த்துக்கினு நின்னுட்டா, அதனால இன்னொரு தடவை. முதல் ஓட்டத்துல சட்டை காஞ்சிருந்துச்சு, கடைசியில முதுகோட ஒட்டிப் போச்சு. நீ மேல்படிக் காட்சியை முதல்ல எடுத்துட்டே, கீழ்ப்படியை அப்பால எடுத்தே. ஆக, படத்துல உன் சட்டை ஏற ஏறக் காயுது. நெத்தியைப் பார்த்தியா? ஆரம்பத்துல மூணு பட்டை விபூதி. நாலாவது ஓட்டத்துல வேர்வையில ஒரு பட்டைதான் மிச்சம். யாரோ பையன் ஓடி வந்து துடைச்சிட்டு மறுபடி வச்சான், கூடவே ஒரு குங்குமப் பொட்டும் வச்சிட்டான். பாதிப் படியில பக்தி முத்திப் போச்சுன்னு ஜனங்க நினைச்சுக்குவாங்க.

இதைக் குறிச்சுக்க ஒரு ஆளை வை. ஒவ்வொரு ஷாட்டு முடிஞ்சதும் தலையில இருந்து கால் வரைக்கும் போன்ல ஒரு போட்டோ பிடிச்சு வச்சா போதும். நடிக்கிறவன் அதைப் பண்ண முடியாது, தன் நெத்தி தனக்குத் தெரியாது. அதைவிட, எழுதினவனே நடிக்கிறவனுக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கலாம். "ஓடுகிறான்"கிறதுக்குப் பதிலா, "மேல்படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கிறான், கையில் செருப்பு"ன்னு எழுதியிருந்தா ஒரே ஷாட்டு. ஓடினதைப் பார்க்கிறவன் புரிஞ்சுக்குவான். மிச்ச நேரத்துக்கு அந்தப் பொண்ணுக்கு ஒரு வசனம் எழுதியிருக்கலாம்.

இன்னொண்ணு. எழுதினது நான்தானேங்கிற திமிர்ல நீ ஷாட்டுல நின்னுக்கினு வசனத்தை மாத்துறே. மாத்து, வேணாங்கல. கட்டியங்காரன் பேசுறதுல பாதி அந்த நேரத்துக்கு வாயில வந்ததுதான். முன்வரிசையில தூங்கறவனைக்கூட கதைக்குள்ள இழுத்துடுவான். ஆனா எங்க சுத்தினாலும் கடைசி வார்த்தையில சரியா வந்து இறங்கணும். அதைக் கேட்டுத்தான் எதிர்ல இருக்கிறவன் வாயைத் திறப்பான், பின்பாட்டுக்காரன் அடியை எடுப்பான், ஆர்மோனியக்காரன் விரலை வைப்பான். நீ முந்தாநாள் "அதுக்குத்தான் சொன்னேன்"னு முடிக்க வேண்டியதை "வாழ்க்கைன்னா அப்படித்தான்"னு முடிச்சே. எதிர்ல நின்ன பையன் இன்னும் அங்கயே நின்னுக்கினு இருக்கிறான்னு கேள்வி.

உன் கூட்டாளிங்க மனசுல இன்னா ஓடுதுன்னும் தெரியும். கலைஞர் டிவியில 'நாளைய இயக்குநர்' வந்துச்சே, அதுல குறும்படம் காட்டின கார்த்திக் சுப்புராஜ் 2012-ல 'பீட்சா' எடுத்தாரு, நலன் குமாரசாமி 2013-ல 'சூது கவ்வும்' எடுத்தாரு, ரெண்டுலயும் விஜய் சேதுபதி. பாலாஜி மோகன் 'காதலில் சொதப்புவது எப்படி'ங்கிற குறும்படத்தையே அதே பேருல பெரிய படமாக்கிட்டாரு. நாமளும் அப்படின்னு நினைக்கிறீங்க. நினைங்க. ஆனா ஒண்ணு கவனி. அந்த விஜய் சேதுபதி கூத்துப்பட்டறையில கணக்கு எழுதிக்கினு இருந்தவரு. ந. முத்துசாமி ஆரம்பிச்ச இடம் அது, நம்ம தெருக்கூத்துல மயங்கி, புரிசை தம்பிரானுங்களாண்ட போய் உட்கார்ந்து பார்த்த மனுசன். கணக்குப் புஸ்தகத்தை வச்சுக்கினு மத்தவங்க நடிக்கிறதைப் பார்த்துக்கினு இருந்திருக்காரு விஜய் சேதுபதி. நீ இதுவரைக்கும் யாரைப் பார்த்தே? செல்போனைத் திருப்பி வச்சு உன்னையேதான் பார்க்கிறே.

கதை இல்லைன்னு வேற புலம்புறே. கொரியாப் படத்துல இருந்து ஒரு கொலையை எடுத்து இங்க ரயில்வே கேட்டாண்ட கொண்டாந்து போட்டிருக்கே. 2024-ல கேன்ஸ்ல மாணவர் படங்களுக்கான போட்டியில முதல் பரிசு வாங்கினது எது தெரியுமா? மைசூர்ப் பக்கத்துப் பையன், சிதானந்த நாயக். டாக்டருக்குப் படிச்சிட்டு புனே ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் போனவரு. பதினாறு நிமிசப் படம். கதை இன்னா? ஒரு கிழவி ஊர்ச் சேவலைத் திருடிக்கினு போயிடறா, ஊருக்குப் பொழுதே விடியல. அவ்வளவுதான். கன்னடத்துக் கிழவிங்க பேரப்புள்ளைங்களுக்குச் சொல்ற கதை. உங்க பாட்டி சோறு ஊட்டறச்சே இப்படி எத்தினி சொன்னா! நீ ஒண்ணையும் கேட்கல, டோராவைப் பார்த்துக்கினு வாயைத் திறந்தே. அடுத்த வாரம் அவளாண்ட போய் வெத்தலை இடிச்சுக் குடுத்துட்டு உட்காரு. கேன்ஸ் எல்லாம் வேணாம், உங்க புரொபசர் முழிச்சுக்கினு பார்த்தா போதும்.

அப்புறம் அந்தக் கடைசிக் காட்சி, சந்நிதி முன்னாடி கண்ணீர் விடறது. அடிச்சுடு அதை. கோயிலுக்குள்ள செல்போனே கூடாதுன்னு 2022 டிசம்பர்ல ஹைகோர்ட்டே சொல்லியாச்சு, நீ கேமராவோட அழப் போறியா? ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துல புகுந்து எடுத்துடலாம்னு உன் டைரக்டர் யோசனை சொன்னானாமே. பூக்காவடிங்க நடுவுல அவனை ஒரு தடவை நிக்கச் சொல்லு, எந்த ஊர்ல போய் வெளியே வர்றான்னு பார்ப்போம். டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழாவும் வேணாம். படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வச்சு, கற்பூரம் ஏத்தி, பாடிக்கினு ஏறுவாங்க, அங்க உன்னைத் திரும்பிப் பார்க்க ஆளே இருக்காது. சாதாரண நாள்ல, விடியக்காலையில, கேட்க வேண்டியவங்களாண்ட கேட்டு எழுத்துல வாங்கிக்கினு போ. மைக்குக்கு மாட்டறீங்களே மயிர்க்குல்லா, அதை மறைச்சு வை. ஞாயித்துக்கிழமை ஒரு தாய்க் குரங்கு அதை ரொம்ப நேரம் வாஞ்சையாப் பார்த்துச்சு.

பதினொண்ணாம் காட்சிக்கு வர்றேன். தாத்தா சாகிறாருன்னு எழுதி, ஓரத்துல பென்சிலால "நம்ம தாத்தாவே போதும்"னு குறிச்சிருக்கே. பார்த்துட்டேன். நீ கட்டிப் பிடிச்சு அழறதுக்கு வசதியா நான் சாகணும், அதானே? காலேஜ் பசங்க படத்துல தாத்தன் உயிரோட முடிஞ்சதா சரித்திரமே இல்ல. சரி, சாகிறேன். ஆனா கயித்துக் கட்டில்ல, நிழல்ல. டீ ரெண்டு வேளை, வடை பாட்டிக்கும் சேர்த்து. செத்ததுக்கு அப்பால நீ எவ்வளவு நேரம் அழுவேன்னு முன்கூட்டியே சொல்லிடு, ஈ உட்கார்ந்தா நான் கண்ணைத் திறந்துடுவேன். வசனம் ஒண்ணும் எழுதலையே எனக்கு? எழுத வேணாம், கஷ்டப்படாதே. நான் இன்னா பேசி முடிச்சா நீ அழ ஆரம்பிப்பே, அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் சொல்லிட்டுப் போ. அங்க கொண்டாந்து விட்டுடறேன்.